மாரியில் இடமாற்றம்: வன்னிக்குள் குடும்பத்தோடு போக எந்த வழி?

வருடாந்த இடமாற்றம் என்றால் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதிக் கணக்கு. கடிதம் கைக்கு வரும்போது கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருக்கும். கடமையேற்க வேண்டிய நாளில் குளங்கள் வான் பாய்ந்துகொண்டிருக்கும். ஆசிரியர், தாதியர், கிராம அலுவலர் எல்லோருக்கும் இதே கதைதான். பொலிஸ், படை என்று சீருடை வேலையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கடி. அவர்களுக்கு அவகாசமும் பெரிதாகக் கிடைக்காது.

உடனே வீட்டுக்குள் வாக்குவாதம் தொடங்கும். “கார் நிற்குதே, பிறகு ஏன் வாடகைக் காசு?” என்பார் ஒருவர். “லொறி பிடிச்சு ஒரே அடியா முடிப்பம்” என்பார் இன்னொருவர். “தைப்பொங்கல் போகட்டும் பிள்ளை” என்பார் அம்மம்மா. மூன்றிலும் நியாயம் உண்டு. எது உங்களுக்குச் சரி என்பது போகிற வீதியையும் கூடப் போகிற ஆட்களையும் பொறுத்தது.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியா நகரில் வாடகை வீடு. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. மாற்றம் முல்லைத்தீவுக்கு. கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் போகிறவர்களுக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது வீதி. வாகனத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைத்தான் பார்க்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வழியாக ஏறத்தாழ 75 கிலோமீற்றர். நல்ல காப்பெட் வீதி. மழையில் வேகம் குறையும், ஆனால் பொதுவாகப் பயணம் நின்றுவிடாது. முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் மாங்குளத்தில் திரும்பி ஏ34இல் ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம். புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போகிற பாதையும் இருக்கிறது. ஆனால் அது காட்டுப் பக்கம், யானை நடமாடுகிற இடம், ஏதாவது பழுதானால் உதவிக்கு ஆள் வர நேரமெடுக்கும். மாரியில், அதுவும் குடும்பத்தோடு என்றால், நான் மாங்குளத்தையே சொல்வேன்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கமிருந்து முல்லைத்தீவுக்கு வருகிறவர்களுக்கு ஏ35தான் வழமையான பாதை: பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல். இந்தப் பாதைக்கு மாரியில் இரண்டு தலையிடி. இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தால் கண்டாவளைப் பக்கத்துத் தாழ்நிலம் முழுக்கத் தண்ணீர். நந்திக்கடல் களப்பு பெருகினால் வட்டுவாகல் பழைய பாலத்துக்கு மேலாலேயே தண்ணீர் ஓடும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தப் பாதையில் சந்தேகம் வந்தால் பரந்தனில் திரும்பாமல் ஏ9இலேயே மாங்குளம் வரை இறங்கி வாருங்கள். சுற்றுத்தான், ஆனால் போய்ச் சேருவீர்கள். பூநகரியிலிருந்து மன்னார் போகிற ஏ32 வீதியிலும் பாலியாறு பெருகினால் போக்குவரத்து தடைப்படும். மன்னாருக்குப் போகிறவர்கள் வவுனியாவிலிருந்து ஏ30ஐப் பிடிப்பது நிம்மதி.

இன்னொன்று. மழை விட்டது, வெயில் எறிக்கிறது என்று உடனே வெளிக்கிடக் கூடாது. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை இரணைமடுவுக்கு வந்து சேர நேரமெடுக்கும். கிளிநொச்சியில் வானம் வெளித்த பிறகும் குளத்தின் மட்டம் ஏறிக்கொண்டிருக்கலாம். இரணைமடுவின் முழுக் கொள்ளளவு மட்டம் 36 அடி. அதை நெருங்குகிறது என்ற செய்தி வந்தால் ஏ35ஐ அந்த வாரத்துக்கு மறந்துவிடுங்கள். புயல்களும் இதே மாதங்களில்தான் வருகின்றன: 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் பெங்கல், 2025 நவம்பரில் டித்வா. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்போடு, யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா எழுதுகிற முன்னறிவிப்புகளையும் வடக்கில் நிறையப் பேர் பார்க்கிறார்கள். வீதி நிலைமை கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. போகிற இடத்தில் கடை வைத்திருக்கிற ஒருவரின் தொலைபேசி எண் கையிலிருந்தால் அது எல்லாவற்றையும்விடத் திறம்.

இரண்டாவது ஆட்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, கிளினிக் போகிற முதியவர் இருந்தால் வழியில் மூன்று மணித்தியாலம் மாட்டுப்பட்டு நிற்பது வெறும் சலிப்போடு முடியாது. மூன்றாவது சாமான்: எவ்வளவு என்பதைவிட, நனைந்தால் கெட்டுப்போகிறது எவ்வளவு என்று எண்ணுங்கள்.

நான்காவது, காசு யார் கட்டுவது. சேவைத் தேவைக்கான மாற்றத்துக்கும் நீங்களாகக் கேட்டு எடுத்த மாற்றத்துக்கும் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில் வித்தியாசம் உண்டு. சொந்த வேண்டுகோளில் போகிறவருக்குப் பயணச் செலவு கிடைப்பதில்லை. கடிதத்தில் என்ன வாசகம் இருக்கிறது என்று பார்த்து, லொறி பேசுவதற்கு முன்பே அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பற்றுச்சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சொந்தக் கார்

கார் இருக்கிறவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். நினைத்த நேரத்துக்கு வெளிக்கிடலாம், பிள்ளைக்குச் சத்தி வந்தால் நிறுத்தலாம், அம்மாவுக்குக் காலை நீட்ட இடமிருக்கும். ஏ9 வழியே உள்ள ஊர்களுக்கு, பகலில், ஆட்கள் மட்டும் போவதென்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

பிழைக்கிறது எங்கே என்றால், “அப்படியே இதையும் வைப்பம்” என்று சாமான் ஏற்றத் தொடங்கும்போது. எங்கள் வீதிகளில் ஓடுகிற சின்னக் கார்களுக்கு நிலத்திலிருந்து உயரம் ஏற்கெனவே குறைவு. ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறைய அரிசி மூட்டையும் புத்தகப் பெட்டியும் வைத்தால் பின்பக்கம் இன்னும் பதியும். ஏ9இல் இது தெரியாது. பிரதான வீதியிலிருந்து இறங்கிக் கிரவல் ஒழுங்கைக்குள் திரும்பும்போது, தண்ணீர் நிரம்பிய முதல் கிடங்கிலேயே அடி தட்டும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பின் இருக்கைப் பக்கம் காற்று இழுக்கிற ஒரு துவாரம் இருக்கிறது. பெரிய பற்றரிக்குக் குளிர்காற்று போவது அதனூடாகத்தான். வீடு மாறுகிற நாளில் அந்த இடத்தில்தான் தலையணையையும் உடுப்புப் பையையும் திணிப்போம். துவாரம் அடைபட்டால் பற்றரி சூடேறும், எச்சரிக்கை விளக்கு எரியும், காட்டுக்கு நடுவில் வண்டியின் இழுவை குறையும். சாமான் அடுக்கி முடிந்ததும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வீதியைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடினால் ஒரு அடி ஆழமே சிறிய காரைத் தள்ளிக்கொண்டு போகப் போதும். முன்னால் ஒரு பஸ் போய்விட்டது என்பதை அளவாக எடுக்கக் கூடாது. பஸ்ஸின் நிறையும் உயரமும் வேறு. நிற்கிற தண்ணீராக இருந்தாலும், அதற்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்ராட் அடிக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இழுபட்டிருந்தால் அந்த ஒரு திறப்புத் திருகலில் எஞ்சினே உடையும். தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவது மலிவு.

இரவுப் பயணம் வேண்டாம். மாரியில் வயல் முழுக்கக் காலபோக வெள்ளாமை. மாடு படுக்கக் காய்ந்த இடம் என்று இருப்பது தார் வீதி ஒன்றுதான். கறுப்பு வீதியில் கறுப்பு எருமை படுத்திருந்தால், மழைத் தூறலில் எதிர் வாகனத்தின் வெளிச்சமும் கண்ணில் அடிக்கும்போது, பக்கத்தில் போகும்வரை தெரியாது. தை மாதம் என்றால் விடியப்புறப் பனியும் சேரும். காலை ஏழு மணிக்கு மேல் வெளிக்கிட்டு, பின்நேரம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரித் திட்டமிடுங்கள்.

மறைந்திருக்கிற செலவு இன்சூரன்ஸில். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால் உங்கள் காருக்கு வெள்ளத்தால் வருகிற சேதம் உங்கள் தலையில்தான். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்களும் வெள்ளம் அதில் அடங்கியிருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

என் கணக்கில் கார் என்பது ஆட்களுக்கும், முக்கிய ஆவணங்களுக்கும், அன்றிரவு தேவைப்படுகிற பாய், போர்வை, மருந்து, தேநீர்ச் சாமானுக்கும் மட்டும்.

கன்ரர் லொறி, ஒரே நடையில்

கட்டில், அலுமாரி, பிரிஜ் என்று ஒரு முழு வீடு என்றால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்போம். ஒரே நாளில் முடியும், சாரதிக்கும் வீதி பழக்கம், வண்டி உயரம் என்பதால் தேங்கிய தண்ணீரைப் பற்றிப் பயம் குறைவு.

வாடகை பேசும்போது ஒரு தொகை சொல்வார்கள். அதற்குள் என்ன அடங்குகிறது என்று கேளுங்கள். வெறுமையாகத் திரும்பி வருகிற தூரமும் பொதுவாக உங்கள் கணக்கில்தான் ஏறும். ஏற்றி இறக்குகிற கூலி வேறு. மழைக்காகக் காத்து நின்றால் அதற்கும் காசு கேட்பார்கள். வீதி மறிபட்டு இரவு தங்கினால் சாரதியின் சாப்பாடும் உங்களுடையது. “மழை பெய்தால் நாள் மாற்றலாமா, முற்பணம் என்னவாகும்?” என்ற கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். இந்த மாதங்களில் லொறி பேசுவதில் முக்கியமான பேரம் அதுதான். வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பதைவிட, நாளைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கிற ஆளைப் பிடிப்பது இலாபம்.

தறப்பாள் லொறிக்காரரிடம் இருக்கும். ஓட்டை இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். நனையக் கூடாத சாமானில் முதலிடம் எம்.டி.எப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலுமாரிக்கு. தேக்குக் கட்டில் நனைந்தால் துடைத்துக் காயவிடலாம். எம்.டி.எப். ஒரு தரம் அடிப்பக்கம் தண்ணீர் குடித்தால் ஊதிவிடும், பிறகு கதவு பூட்டாது. அதை லொறித் தளத்தில் நேரே வைக்காமல் கீழே இரண்டு பலகை போட்டு வையுங்கள். மேலால் வருகிற தண்ணீரைவிடத் தளத்தில் ஓடுகிற தண்ணீர்தான் அதைக் கெடுக்கிறது. மெத்தையைப் பொலித்தீனால் சுற்றி மேலே. பிரிஜ் நிமிர்ந்தபடி, சரித்துக் கொண்டுபோக வேண்டி வந்தால் போனவுடன் செருகாமல் சில மணித்தியாலம் நிறுத்தி வையுங்கள். காஸ் சிலிண்டரை மூடி, நிமிர்த்தி, தனியாகக் கட்டுங்கள். கிளிநொச்சிப் பக்கம் போகிற லொறி எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்கும். சாரதி தேங்காய் உடைக்கிற நேரத்தில் நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றிக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வன்னிச் சனத்துக்குச் சாமான் கட்டச் சொல்லிக் கொடுக்கிறது அதிகப்பிரசங்கம் என்று தெரியும். 2008, 2009 போரில் கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தவர்கள் இவர்கள். இப்போது வேலை கிடைத்து வாடகை வீட்டில் இருக்கிற இளம் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் அப்பாவோ மாமாவோ இருந்தால் கட்டுகிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

லொறியின் பெரிய பலவீனம் கடைசித் துண்டில். நூறு கிலோமீற்றர் பிரச்சினையில்லாமல் வந்த லொறி, புது வீட்டு ஒழுங்கையின் தொடக்கத்தில் நின்றுவிடும். ஊறிப்போன மண்ணில் பாரத்தோடு இறக்கினால் பின் ரயர் புதையும், பிறகு இழுத்தெடுக்க இன்னொரு வாகனம். அனுபவமுள்ள சாரதி “இதுக்கு மேல போகேலாது” என்று கையை விரித்துவிடுவார். அப்போது அந்த ஊரில் ஒரு உழவு இயந்திரம் தேடி, மழைக்குள் சாமானை மாற்றி ஏற்ற வேண்டும். இது இரண்டாவது வாடகை, இரண்டாவது கூலி, இரண்டாவது நனைதல். வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள்: “அண்ணை, இப்ப இந்த ஈரத்துக்கு வாசல் வரைக்கும் கன்ரர் வருமா?” கோடையில் வந்தது என்ற பதிலை ஏற்காதீர்கள்.

சாமானுக்கு மேலே ஆள் ஏறிப் போவதை இப்போதும் காண்கிறேன். மழையில் நனைந்த தறப்பாள் எண்ணெய் பூசியது போல வழுக்கும். வேண்டவே வேண்டாம். இன்னொன்று, லொறியின் இன்சூரன்ஸ் லொறிக்குத்தான். உங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு யாரும் பொறுப்பில்லை.

பட்டா, இரண்டு மூன்று நடை

ஒரு அறைச் சாமான், புதுக் கல்யாண வீடு, அல்லது தூரம் குறைவு என்றால் பட்டா என்கிற சின்ன லொறி போதும். ஒழுங்கைக்குள் கன்ரர் போகாத இடத்துக்கும் இது போகும். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு இரண்டு நடை என்றால் கன்ரர் வாடகையை எட்டிவிடும், இரண்டு தரம் வானத்தைப் பார்க்கவும் வேண்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிடிக்கலாம். உயரமாக அடுக்க மட்டும் விடாதீர்கள். சின்ன ரயர், கடும் காற்று, வளைவில் ஆடும்.

ஆட்கள் ரயிலில், சாமான் தனியே

கிளிநொச்சிக்கு மாற்றம் என்றால் இதை யோசியாமல் விடாதீர்கள். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வவுனியாவோடு ஒரு நேர்ப்பாதை இருக்கிறது. அரச ஊழியருக்கு வாரண்ட் (காசு கட்டாமல் ரயிலில் போகிற அனுமதிச் சீட்டு) இருக்கிறது. மழையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிற களைப்பு இல்லை, வயதானவர் எழுந்து நடக்கலாம், மலசலகூடம் இருக்கிறது. சாமானை ஒருவர் லொறியில் கொண்டுபோக, மற்றவர்கள் அடுத்த நாள் ஆறுதலாக வரலாம். அதற்குள் குசினியாவது ஒழுங்காகியிருக்கும்.

முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. மாங்குளத்தில் இறங்கி பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். நீங்கள் ஏறுகிற வண்டி மாங்குளத்தில் நிற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவரோடு, கைப்பைகளோடு, மழைக்குள் வண்டி மாறுவது பார்க்க மலிவாக இருக்கும். அந்த நாள் முடியும்போது அப்படித் தெரியாது. வவுனியாவிலிருந்து நேரே போகிற இ.போ.ச. அல்லது தனியார் பஸ்ஸில் காலையில் ஏறுவது அதைவிட நல்லது. புயல் நேரத்தில் ரயிலை நம்பவும் முடியாது. டித்வாவின்போது பாதை சேதமாகிச் சேவைகள் நின்றன. வீதி மூடினால் சுற்றிப் போக இன்னொரு வீதி இருக்கும், தண்டவாளத்துக்கு அப்படி இல்லை.

எந்த வழியில் போனாலும் பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, நியமனக் கடிதம் எல்லாம் பொலித்தீன் பைக்குள் போட்டு ஒருவர் கையில் இருக்கட்டும். லொறியில் ஏற்றுகிற சூட்கேசுக்குள் அவற்றை வைக்காதீர்கள்.

ஒருவர் முன்னே, குடும்பம் பின்னே

அம்மம்மா சொன்னது இதுதான். மாற்றம் கிடைத்தவர் ஒரு பையோடு போய்க் கடமையேற்பது, விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குவது, தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு குடும்பத்தைக் கூப்பிடுவது.

இதன் செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். இரண்டு அடுப்பு, இரண்டு வாடகை, கிழமைக்குக் கிழமை பஸ் காசு. மனைவி தனியாக இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் மழைக்காலக் காய்ச்சலையும் பார்க்க வேண்டும். “ஒரு மாதம்தானே” என்று தொடங்கியது தவணை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று வருடக்கணக்காக இழுபட்ட வீடுகள் வன்னியில் நிறைய. புதுப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போனால் அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். அதற்குக் கிராம அலுவலரிடம் பதிய வேண்டும், பதிய வீடு வேண்டும். ஆகவே பிற்போடுவதென்றால் இந்தத் திகதிக்குக் குடும்பம் வரும் என்று முதல் நாளே குறித்துவிடுங்கள், வகுப்பில் இடமிருக்கிறதா என்று அதிபரைக் கண்டு பேசி வையுங்கள்.

பரீட்சைக்குப் பதிந்துவிட்ட பிள்ளை இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் வழி. பரீட்சை நிலையத்தை விட்டுப் பிள்ளையை வெள்ளத்துக்குள் இழுத்துத் திரிய முடியாது. பிறந்து சில மாதமான குழந்தை இருக்கிற வீட்டுக்கும் அப்படியே.

இதில் ஒரு நன்மையைப் பலர் யோசிப்பதில்லை. வன்னியில் வாடகை வீடு பார்க்கச் சரியான காலம் மாரிதான். கோடையில் எல்லா வளவும் மேட்டு வளவுதான். முன்னே போகிறவர் ஒரு கடும் மழைக்கு அடுத்த நாள் காலையில் அந்த வீட்டுக்குப் போகட்டும். முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, மலசலகூடக் குழி நிரம்பி வருகிறதா, கிணற்றுக் கட்டுக்குள் வெளித்தண்ணீர் இறங்குகிறதா, சுவரில் பழைய வெள்ளத்தின் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். வெள்ளம் இறங்கிய கிணறு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போட்ட பிறகே பாவிக்க வேண்டும். சுவர்க் கோடு முழங்காலுக்கு மேலே இருந்தால் முற்பணம் கொடுக்காமல் வேறு வீடு பாருங்கள். லொறி பேசுவது அதற்குப் பிறகு.